ஊர் வளர்ந்த கதையை மண்ணில் படிப்பது எப்படி, கெட்ட மண்ணைத் திருப்புவது எப்படி

எங்கள் அப்பிச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், தோட்டம் நொய்யல் ஆற்றின் கரையில், திருப்பூருக்குக் கிழக்கே இருக்கிறது. மஞ்சளும் கரும்பும் புகையிலையும் விளைந்த பூமி. நான் விவரம் தெரிந்து பார்க்கும்போது அங்கே மஞ்சள் கிழங்கு கட்டுவது நின்றுபோயிருந்தது, கோடையில் வரப்போரம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும், மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் மேலேயே நிற்கும். யாரோ ஜிப்சம் போடச் சொன்னார்கள் என்று மூன்று வருடம் மூட்டை மூட்டையாகக் கொட்டினோம், ஒன்றும் மாறவில்லை. காரணம் ரொம்ப எளிது. கிணற்றுத் தண்ணீரை நாங்கள் ஒரு தடவைகூடப் பரிசோதிக்கவில்லை. மேலே ஜிப்சம் போட்டுக்கொண்டே அதே உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டிருந்தோம்.

அந்த மூன்று வருடத்தை நீங்கள் இழக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மண் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே "என்ன உரம் போடலாம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். வேகமாக வளர்ந்த ஒரு தொழில் வட்டாரத்தில் கேள்வி அங்கே தொடங்கவே கூடாது. ஊர் எந்த வழியாக வளர்ந்ததோ, அந்த வழியாகத்தான் மண்ணும் கெட்டிருக்கும். அதனால் முதலில் ஊர்க் கதை, அப்புறம் தண்ணீர், அப்புறம் மண், கடைசியாக மருந்து. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

முதல் வேலை: ஒரு நோட்டில் ஊரின் வருடங்களை எழுதுவது

உங்கள் ஊரில் எழுபது வயதுக்கு மேல் இருப்பவர்கள் நாலு பேரிடம் உட்கார்ந்து கேளுங்கள். முதல் மில் எப்போது வந்தது, பட்டறைகள் எப்போது பெருகின, கிணற்றில் ஏற்றம் நின்று மோட்டார் வந்தது எப்போது, முதல் ஆழ்குழாய்க் கிணறு எப்போது, லாரியில் தண்ணீர் விற்றது எப்போது, கட்டுத்தரையில் மாடு குறைந்தது எப்போது, யார் காட்டில் மண் எடுத்தார்கள், எந்த ஓடையை மூடி சைட் போட்டார்கள். வருடம் துல்லியமாக வராவிட்டாலும் "பெரியவளுக்குக் கல்யாணம் ஆன வருடம்" என்கிற மாதிரி ஒன்று வரும், அது போதும்.

அதோடு கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் புல எண்ணுக்கான அ-பதிவேட்டைப் பாருங்கள், இணையத்திலும் பார்க்க முடியும். அதில் "மண் வயனமும் ரகமும்", "மண் தரம்" என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். தீர்வை போடுவதற்காக அந்தக் காலத்தில் குறித்து வைத்தது. உங்கள் நிலம் அன்றைக்கு எந்தத் தரத்தில் இருந்தது என்பதற்கு அரசாங்கமே வைத்திருக்கும் சாட்சி அது. புல வரைபடத்தையும் எடுத்துவிடுங்கள். இப்போது கண்ணுக்குத் தெரியாத ஓடையும் பள்ளமும் அதில் தெரியும், பின்னால் வடிகால் வெட்டும்போது அது ரொம்ப உதவும்.

நொய்யல் கதையையே மாதிரியாகச் சொல்கிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாக வந்து காவிரியில் சேரும் ஆறு. மழை குறைவான பிரதேசம், வருடத்துக்கு 600, 700 மில்லிமீட்டர்தான். அதனால் கிணறுதான் உயிர். திருப்பூரில் பனியன் தொழில் எழுபதுகளுக்குப் பிறகு ஏற்றுமதிக்குத் திரும்பியது, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மளமளவென்று ஏறியது. வெள்ளைப் பனியன் மட்டும் தைத்த ஊர், வெளிநாட்டுக்குக் கலர் துணி தைக்க ஆரம்பித்ததும் சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் வந்தன. 1992ல் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடித்தார்கள், சுமார் 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். தேங்கியதோ சாயத் தண்ணீர். "அணையைத் திறந்து விட்டுவிடாதீர்கள்" என்று கீழே கரூர்ப் பக்கத்து விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் தண்ணீர் வேண்டாம் என்று ஒரு விவசாயி சொல்கிறார் என்றால் அவர் மனது என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வளர்ச்சி எந்தெந்த வழியாக மண்ணுக்குள் வருகிறது

எல்லோர் கண்ணிலும் படுவது சாயத்தின் நிறம்தான். ஆற்றில் சிவப்பாகவும் நீலமாகவும் ஓடியதைப் படம் எடுத்துப் போட்டார்கள். ஆனால் மண்ணைக் கெடுத்தது நிறம் இல்லை, உப்பு. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டும் என்றால் சாயத்தொட்டியில் உப்பு கொட்ட வேண்டும், சாதா உப்போ சோடியம் சல்பேட்டோ. லிட்டருக்கு 60 கிராம், ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் ஒரு கிலோ துணிக்கு கிட்டத்தட்ட அரை கிலோ உப்பு, கருநீலம், கறுப்பு என்றால் இன்னும் கூட. இந்த உப்பு துணியில் தங்குவதே கிடையாது. சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டு முழுவதும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பழைய சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் நாற்றத்தையும் எடுத்தன, கரைந்த உப்பை எடுக்கவில்லை. பார்க்கத் தெளிவாக இருக்கும், பாய்ச்சினால் நிலம் போய்விடும். அதனால் "தண்ணி தெளிவாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆறும் கிணறும் தனித்தனி இல்லை. ஆற்றோரக் கிணறுகளுக்கு ஊற்று ஆற்றிலிருந்துதான். அணையில் தேங்கியது நிலத்துக்குள் இறங்கி, பாய்ச்சவே வேண்டாம் என்று விட்டவர்களின் கிணற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது வழி தண்ணீர் வியாபாரம். பட்டறைக்கு நல்ல தண்ணீர் வேண்டும், அதனால் சுற்று வட்டாரக் கிராமங்களில் கிணற்றிலிருந்தும் போரிலிருந்தும் லாரி லாரியாக எடுத்தார்கள். விற்ற விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன், வெள்ளாமையில் வராத பணம் அதில் வந்தது. ஆனால் விளைவு என்னவென்றால் மேல்மட்ட ஊற்று வற்றியது, போர் ஆயிரம் அடியைத் தொட்டது, பாறைக்குள் வெகு காலம் கிடந்த ஆழத் தண்ணீர் பல இடங்களில் சோடியமும் பைகார்பனேட்டும் தூக்கலான தண்ணீர். சாயப்பட்டறையே இல்லாத ஊரிலும் மண் களராகிக்கொண்டிருக்கிறது, அதாவது சோடியம் ஏறிக் கெட்டுக்கொண்டிருக்கிறது என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். காவிரித் தண்ணீரை நாளுக்கு 18.5 கோடி லிட்டர் திருப்பூருக்குக் கொண்டுவரும் திட்டம் 2005, 2006 வாக்கில் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் பல கிணறுகள் போயிருந்தன.

மூன்றாவது வழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது. கம்பெனி வேலைக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை கையில் காசு. பண்ணையத்தில் அது கிடையாது. வீட்டுக்கு ஒருவர் இருவர் என்று போனார்கள், அது நியாயமும்கூட, எங்கள் வீட்டில் நான் படித்ததே அந்தப் பணத்தில்தான். ஆனால் ஆள் போனதும் மாடு போனது. ஒரு மாடு நாளுக்குப் பத்துக் கிலோ சாணி போட்டால் வருடத்துக்கு மூன்றரை டன் ஆகிறது. கட்டுத்தரையில் எட்டு உருப்படி இருந்த வீட்டில் ஒன்றுகூட இல்லாமல் போனால் வருடத்துக்கு இருபத்தெட்டு டன் ஈரச் சாணி அந்த மண்ணுக்குப் போகாமல் நின்றது என்று அர்த்தம். எருவுக்காக இரவில் வயலில் ஆட்டுப் பட்டி அடைப்பதும், குளத்து வண்டல் அடிப்பதும் அப்படியே நின்றன. எந்தக் கழிவும் விழாத நிலம்கூட இப்படித்தான் சத்து செத்து இறுகிப்போகிறது. மண்வள அட்டையில் இது அங்கக கரிமம் என்கிற வரியில் தெரியும். 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு.

மற்றவை சீக்கிரம் சொல்லிவிடலாம். செங்கல் சூளைக்கும் சைட் நிரவுவதற்கும் மேல்மண் விற்பது: ஒரு ஏக்கரில் ஒரு அடி எடுத்தால் 435 யூனிட் (யூனிட் என்பது நூறு கன அடி), பணம் ஒரு தடவை வரும், மேல்மண் நம் பேரன் காலத்திலும் திரும்ப வராது. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் எடுத்த பள்ளங்களைப் போய்ப் பார்த்தால் தெரியும், அங்கே சூளைகள் 2021ல் மூடப்பட்டன. இன்னொன்று, ரோடும் லே-அவுட்டும் ஓடையை மறிப்பது. வடிகால் இல்லாத இடத்தில் உப்பு வெளியே போக வழியே இல்லை.

தோல் தொழில் வட்டாரம் என்றால் கதை வேறு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உப்போடு குரோமியமும் சேர்ந்துகொள்கிறது. ராணிப்பேட்டையில் 1995ல் மூடப்பட்ட குரோமியத் தொழிற்சாலை ஒன்றின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் மலையாகக் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியது. உப்பைக் கழுவி விடலாம், குரோமியத்தை நீங்களாக ஒன்றும் செய்ய முடியாது. அந்தச் சந்தேகம் இருந்தால் இங்கே சொல்லும் வைத்தியம் எதையும் ஆரம்பிக்காமல் முதலில் கன உலோகப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சரி, நோட்டில் எழுதியதை வைத்து இந்த வழிகளில் உங்கள் நிலத்துக்கு எது பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும்.

தண்ணீரைப் பாருங்கள்

தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, பேனா சைஸில். ஊருக்கு ஒன்று இருந்தால் போதும். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு அப்புறம் தண்ணீர் பிடித்துப் பாருங்கள், குழாயில் நின்ற தண்ணீர் பொய் சொல்லும். கோடையில் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை.

எண் வந்ததும் இந்தக் கணக்கைப் போடுங்கள், எனக்கு இதுதான் கண்ணைத் திறந்தது. ஒரு ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டினால் சுமார் இரண்டு லட்சம் லிட்டர். டி.டி.எஸ். 2000 என்றால் லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பு. ஆக ஒரே ஒரு தண்ணீருக்கு 400 கிலோ உப்பை உங்கள் கையால் நிலத்தில் போடுகிறீர்கள். ஒரு பயிருக்கு இருபது தண்ணீர் என்றால் எட்டு டன். பயிர் தண்ணீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு உப்பை விட்டுவிடும். நாங்கள் மூன்று வருடம் கொட்டிய ஜிப்சம் இந்த எட்டு டன்னுக்கு முன்னால் எம்மாத்திரம்.

மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் காட்டும், எந்த உப்பு என்று காட்டாது. அதற்கு ஒரு லிட்டர் தண்ணீரை வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டு போக வேண்டும். மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள். இ.சி. என்கிற மின் கடத்தும் திறன் 0.75க்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை, 2.25ஐத் தாண்டினால் சாதாரணப் பயிருக்கு ஆகாது. எஞ்சிய சோடியம் கார்பனேட் 1.25க்குள் நல்லது, 2.5க்கு மேல் பாய்ச்சவே வேண்டாம். மூன்றாவது சோடியம் உறிஞ்சு விகிதம், பத்துக்குள் இருந்தால் சரி.

மண்ணைப் பாருங்கள்

முதலில் ஒப்பிட ஒரு நல்ல இடத்தைப் பிடியுங்கள். உங்கள் நிலத்தின் அதே மண் வகையில், பாசனமே போகாத ஓர் இடம். காங்கேயம் பக்கம் என்றால் கொறங்காடு இருக்கிறது. கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக மாடு மேய விட்டிருக்கும் காடு, பெரும்பாலும் உழாத மண். மற்ற ஊர்களில் கோயில் நிலமோ பழைய வேலியோரமோ கிடைக்கும். அங்கே என்ன வருகிறது, உங்கள் வயலில் என்ன வருகிறது என்ற வித்தியாசம்தான் உண்மையான விடை, புத்தக எண்ணைவிட.

வீட்டிலேயே செய்யும் இரண்டு சோதனைகள். ஒன்று: காய்ந்த மண் கட்டி, கொண்டைக்கடலை அளவு, நாலைந்து எடுத்து, ஒரு கண்ணாடி டம்ளரில் மழைத் தண்ணீரை ஊற்றி மெதுவாகப் போடுங்கள். கலக்கக் கூடாது. கட்டி உடைந்து கீழே உட்கார்ந்தால் பரவாயில்லை, மக்கு குறைவு என்று அர்த்தம். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி மேகம் கிளம்பி, இரண்டு மணி நேரம் கழித்தும் தெளியாமல் நின்றால் சோடியம் ஏறிய களர் மண். முக்கியம், இதை உங்கள் கிணற்றுத் தண்ணீரில் செய்யாதீர்கள், உப்புத் தண்ணீரில் அந்த மேகம் எழும்பாமல் அமுங்கிவிடும், நிலம் நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துபோவீர்கள்.

இரண்டாவது: இரண்டு பக்கமும் திறந்த பெரிய டப்பாவை மூன்று விரல் ஆழம் மண்ணில் தட்டி இறக்கி, ஓர் அங்குலம் தண்ணீர் ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். முதல் தடவை மண் வறட்சியில் குடித்துவிடும், இரண்டாவது தடவை ஊற்றுவதுதான் கணக்கு. அதையே ஒப்பீட்டு இடத்திலும் செய்யுங்கள். எங்கள் தோட்டத்தில் மதியம் ஊற்றியது பொழுது இறங்கும்வரை நின்றது, வேலியோரத்தில் கால் மணி நேரத்தில் காலி.

லேபுக்கு மண் எடுப்பதில் ஒரு மாற்றம் செய்ய வேண்டும். வழக்கமாக ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவக் குழி வெட்டி அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, கால் பங்காகக் குறைத்து அரைக் கிலோ கொடுப்போம். உரத்துக்கு அது போதும். உப்புச் சந்தேகத்துக்கு அரை அடி, ஓர் அடி, இரண்டடி, மூன்றடி என்று ஆழ வாரியாகத் தனித்தனிப் பையில் கொடுங்கள். மேலே அதிகம் கீழே குறைவு என்றால் உப்பு கோடையில் ஏறி வந்து உட்கார்ந்திருக்கிறது, கழுவலாம். ஆழத்திலும் அதே அளவு இருந்தால் நிலத்தடி நீரே உப்பு, வடிகால் இல்லாமல் ஒன்றும் நடக்காது. உரச் சாக்கிலோ உரம் அள்ளிய சட்டியிலோ மண்ணை வைக்காதீர்கள்.

இலவசமாகக் கிடைக்கும் மண்வள அட்டையில் பன்னிரண்டு விஷயங்கள் இருக்கும்: தழை, மணி, சாம்பல், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை (பி.எச்.), இ.சி., அங்கக கரிமம். நல்ல விஷயம்தான், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் சோடியம் கிடையாது, குரோமியம் கிடையாது, அதாவது தொழில் வட்டாரத்து விவசாயிக்கு எது முக்கியமோ அது கிடையாது. பணம் கட்டித் தனியாக மாற்றுச் சோடியமும் (மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியம்) ஜிப்சம் தேவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவு வந்ததும் படிப்பது இப்படி. இ.சி. 4க்கு மேல், பி.எச். 8.5க்குக் கீழ், மாற்றுச் சோடியம் 15 சதவீதத்துக்குக் கீழ் என்றால் உவர் நிலம், அதாவது கரையும் உப்பு ஏறிய நிலம். இ.சி. குறைவு, பி.எச். 8.5க்கு மேல், சோடியம் 15க்கு மேல் என்றால் களர். இ.சி.யும் சோடியமும் இரண்டுமே அதிகம் என்றால் களர்-உவர், சாயத் தண்ணீர் போன இடங்களில் இதையும் எதிர்பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை: இந்த 4 என்கிற எண் மண்ணைச் சேறாகக் குழைத்து அதிலிருந்து சாறு எடுத்துப் பார்ப்பதற்கானது. நம் லேப்களில் சாதாரணமாக ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து பார்க்கிறார்கள், அதில் எண் குறைவாகத்தான் வரும், இரண்டு மூன்று மடங்கு வித்தியாசம்கூட வரலாம். அதில் 1க்குள் இருந்தால்தான் நிம்மதி, 3ஐத் தாண்டினால் கெடுதல். எந்த முறையில் பார்த்தீர்கள் என்று கேட்காமல் அந்தத் தாளை வாங்கி வராதீர்கள்.

மருந்து

தண்ணீர் கெட்டிருந்தால் முதலில் தண்ணீர். நல்ல தண்ணீர் கொஞ்சமும் கெட்ட தண்ணீர் கொஞ்சமும் இருந்தால் கலந்தோ மாற்றி மாற்றியோ பாய்ச்சலாம், முளைக்கும் பருவத்துக்கு நல்ல தண்ணீரை ஒதுக்குங்கள், பயிர் இளசாக இருக்கும்போதுதான் உப்பு அதைக் கொல்லும். பைகார்பனேட் அதிகமுள்ள போர்த் தண்ணீரை ஜிப்சம் கட்டிகள் நிரப்பிய தொட்டி வழியாக விட்டுப் பாய்ச்சினால் வேகம் குறையும். தண்ணீர் மொத்தமும் மோசம், வேறு வழியே இல்லை என்றால் பாசனத்தையே நிறுத்தி மானாவாரிக்கும் மேய்ச்சலுக்கும் திரும்புவதுதான் நல்லது. தோட்டத்தைக் காடாக மாற்றுவது மனசுக்குக் கஷ்டம், தெரியும். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு எழுந்தபோது மாமன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஆனால் மண்ணுக்கு அந்த ஓய்வு வேண்டியிருந்தது.

உவர் நிலத்துக்கு மருந்து நல்ல தண்ணீரும் வடிகாலும் மட்டும்தான், ஜிப்சம் தேவையில்லை. ஓர் அடி ஆழ மண்ணில் அரை அடி நல்ல தண்ணீர் இறங்கினால் உப்பில் ஏறக்குறைய பாதி போகும், ஓர் அடி தண்ணீர் இறங்கினால் ஐந்தில் நாலு பங்கு போகும். நம் பக்கத்தில் அவ்வளவு நல்ல தண்ணீர் வானத்திலிருந்துதான் வரும். ஆகவே ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் வயலைச் சமப்படுத்தி, சின்னச் சின்னப் பாத்தியாகப் பிரித்து, வரப்பை உயர்த்தி, ஒரு சொட்டும் ஓடாமல் உள்ளேயே இறங்க விடுங்கள். பக்கத்தில் இரண்டடி ஆழ வடிகால் வெட்டி, புல வரைபடத்தில் இருக்கும் பழைய ஓடைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஓடையை யாராவது மூடியிருந்தால் அதைத் திறக்க வைப்பதுதான் உங்கள் முதல் உழவு. சொட்டுநீர் போட்டிருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், உப்பு ஈரத்தின் ஓரத்தில் வளையமாகச் சேர்ந்திருக்கும், முதல் சிறு மழை அதை வேருக்குத் தள்ளிவிடும், அதனால் லேசான மழை பெய்யும்போது சொட்டுநீரை நிறுத்தாமல் ஓட விடுங்கள்.

களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம். மண் துகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தை ஜிப்சத்தின் கால்சியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரோடு வெளியேற வேண்டும், வெளியேறாவிட்டால் வேலை பாதிதான். லேப் சொல்லும் ஜிப்சம் தேவையில் பாதி அளவு போட்டால் போதும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. பரவலாகத் தூவி, மேலாக உழுது, தண்ணீர் தேக்கி, நாலைந்து நாள் நிறுத்தி வடித்து, மறுபடி மூன்று நாலு தடவை அப்படியே. சுக்கான் மண்ணாக இருந்தால், அதாவது தோண்டினால் சுண்ணாம்புக் கட்டி வரும் பூமியாக இருந்தால், ஆய்வகத்தில் கந்தகம் போடலாமா என்று கேளுங்கள், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் சுண்ணாம்பைக் கந்தகம் கரைத்துக் கொடுக்கும், கொங்குப் பக்கத்தில் இப்படிப்பட்ட நிலம் நிறைய. அப்புறம் தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரப் பயிர், ஏக்கருக்கு இருபது கிலோ விதை, பூ எடுக்கும் முன் நாற்பது நாற்பத்தைந்து நாளில் மடக்கி உழுதுவிடுங்கள். அது களரைத் தாங்கும், வேர் இறுகிய மண்ணைத் துளைக்கும், மக்கும்போது வரும் அமிலம் ஜிப்சத்துக்கு உதவும். நெல் வைக்கும் வசதி உள்ளவர்களுக்குத் திருச்சி அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரியில் களர் நிலத்துக்கென்றே ரகங்கள் எடுத்திருக்கிறார்கள், டி.ஆர்.ஒய். என்று தொடங்கும் பெயரில்.

மண் திரும்பும்வரை பயிரைத் தேர்ந்தெடுத்துப் போடுங்கள். சேற்றுச் சாறு முறையில் எடுத்த இ.சி.யில் பருத்தி 7.7 வரை, சோளம் 6.8 வரை மகசூல் குறையாமல் தாங்கும். நெல் 3, மக்காச்சோளம் 1.7, வெங்காயம் 1.2. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் சின்ன வெங்காயம் நட்டு ஒரு வருடக் கூலியை இழந்தவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு.

மாடு போனதால் செத்த மண்ணுக்கு வைத்தியம் வேறு. ஏக்கருக்கு ஐந்து டன் தொழு உரம் என்பது பழைய கணக்கு, இன்றைக்கு அதற்கு எங்கே போவது. பட்டி அடைப்பவர்களைக் கூப்பிட்டு இரவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொள்ளலாம். சணப்பு, கொளிஞ்சி மாதிரி பசுந்தாள் உரப் பயிர்கள், பல பயிர் விதைப்பு எல்லாம் ஆள் குறைவாகச் செய்யக்கூடியவை. குளத்து வண்டலை விவசாயத்துக்கு இலவசமாக எடுக்க அரசு அனுமதி உண்டு, வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் நொய்யல் தண்ணீர் வரும் குளங்களிலும் ஊர்ச் சாக்கடை விழும் குளங்களிலும் வண்டலே கழிவாக இருக்கலாம். ஒரு பை வண்டலை லேபில் பார்க்காமல் ஒரு டிராக்டர்கூட அடிக்காதீர்கள்.

தனியாக முடியாத வேலை

உங்கள் பாத்தியை நீங்கள் கழுவலாம், மேலே இருந்து மறுபடி வந்தால்? அதனால் நோட்டு முக்கியம். தேதி போட்டு எழுதிய டி.டி.எஸ். எண்கள், லேப் தாள்கள், படங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். மாதா மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு அந்த எண்களையும் இணைத்துக் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்த மாதிரிகளின் முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடும் நில மீட்பும் கேட்பதற்குக் காரணம் எழுந்ததிலிருந்து ஐந்து வருடம்தான் கெடு, "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டு அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு: நடந்திருக்கிறது. பாலாற்றுத் தோல் கழிவுக்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996ல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது, இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையமும் அமைந்தது, நொய்யல் விவசாயிகளின் இழப்பையும் அந்த ஆணையம் கணக்கிட்டது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நடத்திய வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது, எழுநூறுக்கும் மேற்பட்டவை. ஊரே தவித்தது, வேலை போனவர்களில் எங்கள் உறவுக்காரர்களும் இருந்தார்கள், அந்த மாதங்களை நான் மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் தண்ணீரை எதிர்ச் சவ்வூடு பரவலில் (ஆர்.ஓ.) பிரித்து, மிஞ்சிய உப்பையும் காய்ச்சி எடுத்து, கழிவே வெளியே விடாத முறை திருப்பூரில் நிலைபெற்றது. எடுத்த தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத்துக்கே பயன்படுத்துகிறார்கள். அந்தச் செலவு முப்பது வருடமாக எங்கள் மண்ணின் கணக்கில் இருந்தது, இப்போது துணியின் விலைக்குள் போயிருக்கிறது. அது இருக்க வேண்டிய இடம் அதுதான். உங்கள் ஊருக்குப் புதுத் தொழில் வருகிறது என்றால் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் "எத்தனை பேருக்கு வேலை" என்பதோடு "எவ்வளவு உப்பு உள்ளே வரும், அது எந்த வழியாக வெளியே போகும்" என்று கேளுங்கள். எண்ணாகப் பதில் கேளுங்கள்.

வருடத்துக்கு வேலை அட்டவணை இதுதான்: சித்திரையில், உப்பு மேலே ஏறியிருக்கும்போது, ஆழ வாரியாக மண்ணும் ஒரு லிட்டர் தண்ணீரும் லேபுக்கு. ஆடிக்குள் வரப்பும் வடிகாலும். களராக இருந்தால் ஜிப்சம் புரட்டாசி மழைக்கு முன். மழையில் ஒரு சொட்டும் விடாமல் தேக்கி இறக்குவது. தையில் அதே இடங்களில் அதே ஆழத்தில் மறுபடி மண் எடுத்து, சித்திரை எண்ணுக்குப் பக்கத்தில் எழுதுவது. எங்கள் தோட்டத்தில் போன தையில் மேல் அரை அடியில் இ.சி. 3.4லிருந்து 2.1க்கு இறங்கியிருந்தது. மூன்றடியில் அப்படியேதான் இருக்கிறது. இந்த வருடம் கிழக்குப் பக்க வடிகாலை இன்னும் ஓர் அடி ஆழமாக்கப் போகிறோம்.